லாஞ்ச்பேட் நீக்கத்துக்குப் பின் மேக் கணினியில் செயலிகளை ஒழுங்கமைத்தல்

லாஞ்ச்பேட் என்பது ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணினிகளில் செயலிகளைத் திறப்பதற்காக இருந்த ஒரு வசதி. 2011 ஜூலையில் வெளியான லயன் என்ற இயங்குதளப் பதிப்பில் அறிமுகமாகி, 2025 செப்டம்பர் 15 அன்று வெளியான மேக்ஓஎஸ் 26 டஹோ பதிப்பில் நீக்கப்பட்டது. அதன் இடத்தில் ‘ஆப்ஸ்’ என்ற புதிய சாளரம் வைக்கப்பட்டுள்ளது. கணினியில் இருந்த செயலி எதுவும் இந்த மாற்றத்தால் அழியவில்லை. ஆனால் பயனர் பதினான்கு ஆண்டுகளாகத் தம் கையால் வகுத்து வைத்திருந்த வரிசையும் கோப்புறைகளும் புதுப்பிப்புக்குப் பின் காணாமல் போயின. அந்த அடுக்குமுறையை வேறு வழியில் மீண்டும் அமைத்துக்கொள்வது எப்படி, அடுத்த புதுப்பிப்பில் அது மறுபடி கலையாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

லாஞ்ச்பேட் செய்த வேலை

2010 அக்டோபரில் நடந்த ஒரு நிகழ்ச்சியில் ஸ்டீவ் ஜாப்ஸ் லாஞ்ச்பேடை அறிமுகப்படுத்தினார். ஐபேடில் நன்றாக இயங்கிய சில எண்ணங்களை மேக் கணினிக்குக் கொண்டுவருவதே அந்நிகழ்ச்சியின் மையப்பொருள். லாஞ்ச்பேடைத் திறந்தால் திரை முழுவதும் செயலிகளின் சின்னங்கள் பரவி நிற்கும். ஒரு பக்கம் நிறைந்தால் அடுத்த பக்கம் உருவாகும். ஒரு சின்னத்தை இழுத்து இன்னொன்றின் மேல் விட்டால் கோப்புறை பிறக்கும். அதற்கு விரும்பிய பெயரைச் சூட்டலாம்.

கணினியில் நெடுநாள் பழகியவர்கள் பலர் இதை விளையாட்டுப் பொருளாகவே கருதினார்கள். விசைப்பலகையில் இரண்டு எழுத்தைத் தட்டினால் செயலி திறந்துவிடும்போது, திரை முழுவதும் சின்னங்களை விரிப்பானேன் என்பது அவர்கள் கேள்வி. செயலியின் பெயர் நினைவில் இருப்பவருக்கு அது சரியான கேள்விதான். எல்லோருக்கும் பெயர் நினைவிருப்பதில்லை. ‘இரண்டாம் பக்கம், மேல் வரிசை, வலது ஓரம், நீல நிறம்’ என்று இடத்தையும் நிறத்தையும் வைத்தே செயலியைத் தேடுபவர்கள் நிறையப் பேர் உண்டு. வீட்டில் அஞ்சறைப் பெட்டியைத் திறப்பவர் ஒவ்வொரு கிண்ணத்திலும் பெயர் எழுதி வைப்பதில்லை. கடுகு எந்தக் குழியில் இருக்கிறது என்று கைக்குத் தெரியும். லாஞ்ச்பேட் அப்படிப்பட்ட இட நினைவுக்கு ஏற்ற வசதி. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் தேவைப்படும் ஒரு செயலியின் பெயர் மறந்துபோகும். அது எந்தக் கோப்புறைக்குள் கிடக்கிறது என்பது மறக்காது. முதியவர்களுக்கும், ஆங்கிலப் பெயர்களை எழுத்துப்பிழையின்றித் தட்டச்சு செய்யத் தயங்குபவர்களுக்கும் இந்த வேறுபாடு பெரிது.

மாற்றாக வந்தது

டஹோ பதிப்பில், லாஞ்ச்பேட் சின்னம் இருந்த இடத்தில் ஆப்ஸ் என்ற சின்னம் இருக்கிறது. தொடுபலகையில் கட்டைவிரலையும் மூன்று விரல்களையும் சேர்த்துக் குவிக்கும் பழைய சைகையும் இப்போது இதையே திறக்கிறது. இது தனி வசதி அன்று. 2005 முதல் மேக்கில் இருந்துவரும் ஸ்பாட்லைட் என்ற தேடுபொறியின் ஒரு பகுதி. திரை முழுவதையும் நிரப்பாமல் நடுவில் ஒரு சாளரமாகத் திறக்கும். மேலே அண்மையில் பயன்படுத்தியவை என்று கணினி கருதும் சில செயலிகளும், கீழே எல்லாச் செயலிகளும் அகரவரிசையில் நிற்கும். சின்னங்களாகப் பார்ப்பதா, பட்டியலாகப் பார்ப்பதா என்பதைத் தேர்ந்துகொள்ளலாம். ஐபோனை இணைத்திருப்பவர்களுக்கு அதிலுள்ள செயலிகளும் இதே சாளரத்தில் தோன்றும், வேண்டாமென்றால் மறைத்துவிடலாம். மறைப்பதே நல்லது. இல்லையேல் கணினியில் இருப்பது எது, கைபேசியில் இருப்பது எது என்று குழப்பம் வரும்.

வகைப்பாடும் உண்டு. பயன்கருவிகள், படைப்பாற்றல், சமூகம், பொழுதுபோக்கு என்பன போன்ற தலைப்புகளைச் சொடுக்கினால் அந்தந்த வகைச் செயலிகள் மட்டும் தெரியும். 2020-இல் ஐபோனில் வந்த ஆப் லைப்ரரி நினைவுக்கு வரலாம், அதே போக்குத்தான். இந்த வகைகளைக் கணினியே அமைக்கிறது. பயனர் புதிய வகையை உண்டாக்கவோ, ஒரு செயலியை ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவோ, சின்னங்களின் வரிசையை இழுத்து மாற்றவோ வழியில்லை. குறை இங்கேதான் இருக்கிறது. கணினி செய்யும் வகைப்பாடு செயலியின் இயல்பைப் பார்த்து அமைகிறது. மனிதர் வகுப்பது தம் வேலையைப் பார்த்து. ஓர் ஆய்வு மாணவருக்கு உரைத்தொகுப்பி, அகராதி, எழுத்துரு நிர்வாகி, படத்திலிருந்து எழுத்தைப் பிரிக்கும் செயலி ஆகிய நான்கும் ‘ஆய்வேடு’ என்ற ஒரே கோப்புறையில் இருக்க வேண்டியவை. கணினி அவற்றை நான்கு திசையில் பிரித்து வைக்கும்.

விண்டோஸில் நடந்தது

பழகிய வசதியைப் புதுப்பிப்பு பறித்துக்கொள்வது மேக்கில் மட்டும் நடந்ததன்று. 1995-இல் விண்டோஸ் 95 உடன் வந்த ஸ்டார்ட் பட்டியை மைக்ரோசாஃப்ட் 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 பதிப்பில் நீக்கியது. அதன் இடத்தில் திரை முழுவதையும் நிரப்பும் கட்டங்கள் வந்தன. எதிர்ப்பு பலமாக எழுந்ததால் 2013-இல் விண்டோஸ் 8.1 இல் ஸ்டார்ட் பொத்தான் மட்டும் திரும்பியது. முழுப் பட்டி 2015 ஜூலையில் விண்டோஸ் 10 உடன்தான் மீண்டது. இடைப்பட்ட காலத்தில் கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருள் பழைய பட்டியை மீட்டுத் தந்தது. அதன் உருவாக்குநர் 2017-இல் பணியை நிறுத்திக்கொண்டபோது நிரல்மூலத்தை வெளியிட்டார். ஓப்பன் ஷெல் என்ற பெயரில் தன்னார்வலர்கள் அதைத் தொடர்ந்தார்கள்.

கிளாசிக் ஷெல்லால் அது எப்படி முடிந்தது என்பது கவனிக்கத்தக்கது. விண்டோஸின் பழைய ஸ்டார்ட் பட்டி என்பது உண்மையில் வட்டில் இருக்கும் ஒரு சாதாரணக் கோப்புறை. அதற்குள் உட்கோப்புறைகளும் குறுக்குவழிக் கோப்புகளும் இருக்கும். மைக்ரோசாஃப்ட் நீக்கியது அதைக் காட்டும் முகப்பை மட்டுமே. கோப்புறை அப்படியே கிடந்தது. வேறொரு மென்பொருள் அதைப் படித்துக் காட்டினால் போதுமானதாக இருந்தது. அதே விண்டோஸ் 10 இல் பயனர்கள் கட்டங்களைக் குழு குழுவாகச் சேர்த்துப் பெயரிட்டு வைத்த அமைப்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது சாதாரணக் கோப்புகளாக இல்லை. 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது அந்தக் குழுக்கள் புதிய பதிப்புக்குக் கொண்டுவரப்படவில்லை. ஸ்டார்ட் பட்டியில் கோப்புறை அமைக்கும் வசதியே அடுத்த ஆண்டுதான் வந்தது.

லாஞ்ச்பேட் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதன் பக்கங்கள், கோப்புறைகள், வரிசை எல்லாம் பயனரின் கண்ணில் படாத ஓரிடத்தில் ஒரு சிறிய எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் பதிவாகியிருந்தன. அதை வெளியே எடுத்து வைத்துக்கொள்ள எந்தப் பட்டித் தேர்வும் தரப்படவில்லை. காட்டும் வசதி போனதும் அந்த அமைப்பைப் படிக்க யாருமில்லை. ஆகவே புதிதாக ஒழுங்கமைக்கும்போது, கோப்புறைகளாலும் கோப்புகளாலும் ஆன அடுக்குமுறையைத் தேர்வது நல்லது. கோப்புறை என்ற ஏற்பாடு எந்தப் புதுப்பிப்பிலும் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

சொந்தக் கோப்புறை அமைத்தல்

இதற்கு மேக்கில் கைகொடுப்பது அலியாஸ் என்ற மாற்றுக் கோப்பு. இது விண்டோஸின் குறுக்குவழியைப் போன்றது: செயலி தன் இடத்திலேயே இருக்கும், அதைச் சுட்டும் ஒரு சிறு கோப்பு மட்டும் நாம் விரும்பும் இடத்தில் இருக்கும். செயலியையே இடம் மாற்றக் கூடாதா என்று கேட்கலாம். மாற்றாமல் இருப்பதே நல்லது. ஆப்பிளின் சொந்தச் செயலிகள் எழுதமுடியாதபடி பூட்டப்பட்ட அமைப்புப் பகுதியில் இருப்பதால் அவற்றை நகர்த்தவே முடியாது. பிற செயலிகளை நகர்த்தலாம். ஆனால் சில செயலிகள் தம் வழக்கமான இடத்தில் இல்லாவிட்டால் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளத் தடுமாறும்.

முதலில் ஃபைண்டரில் ஷிஃப்ட், கமாண்ட், எச் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பயனரின் இல்லக் கோப்புறை திறக்கும். அங்கே ஒரு புதிய கோப்புறை உண்டாக்கி ‘என் செயலிகள்’ என்றோ வேறு பெயரோ இடலாம். பெயரைத் தமிழில் வைப்பதில் எந்தச் சிக்கலும் இல்லை. அதற்குள் வேலைக்கு ஏற்ப உட்கோப்புறைகள்: எழுத்து, படம், கணக்கு, பாடம், பராமரிப்பு என. ஐந்திலிருந்து எட்டுக்குள் நிறுத்திக்கொள்வது வசதி. இருபது கோப்புறை வைத்தால் எந்தக் கோப்புறையில் வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கும்.

அடுத்து இன்னொரு சாளரத்தில் ஷிஃப்ட், கமாண்ட், ஏ விசைகளால் அப்ளிகேஷன்ஸ் கோப்புறையைத் திறக்க வேண்டும். கமாண்ட், ஆப்ஷன் ஆகிய இரு விசைகளையும் அழுத்திப் பிடித்தபடி செயலியை இழுத்து உரிய உட்கோப்புறையில் விட்டால் அலியாஸ் உருவாகும். விசைகளை அழுத்தியிருக்கும்போது சுட்டியருகே சிறு வளைந்த அம்புக்குறி தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். உருவான கோப்பின் சின்னத்திலும் இடது கீழ் மூலையில் ஒரு அம்புக்குறி இருக்கும். பல செயலிகளைச் சேர்த்துத் தேர்ந்து ஒரே தடவையில் இழுக்கலாம்.

லாஞ்ச்பேடால் செய்ய முடியாத இரண்டு காரியங்கள் இந்த முறையில் முடியும். ஒன்று, ஒரே செயலியை இரண்டு மூன்று கோப்புறைகளில் வைப்பது. லாஞ்ச்பேடில் ஒரு செயலிக்கு ஓர் இடம்தான். இணைய உலாவியோ கணிப்பானோ படிப்புக்கும் வேண்டும், கணக்குக்கும் வேண்டும் என்றால் எங்கே வைப்பது என்று தயங்க வேண்டியிருந்தது. அலியாஸ் எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கலாம். இரண்டு, பெயரை மாற்றுவது. அலியாஸின் பெயரை மாற்றினால் செயலிக்கு ஒன்றும் ஆகாது. ‘பிரிவியூ’ என்ற செயலியின் அலியாஸுக்கு ‘பிடிஎஃப் படிக்க’ என்று பெயரிடலாம். ‘டிஸ்க் யுட்டிலிட்டி’க்கு ‘பென்டிரைவ் அழிக்க’ என்று பெயரிடலாம். பெற்றோருக்கோ தாத்தா பாட்டிக்கோ கணினியை அமைத்துக் கொடுப்பவர்களுக்கு இது மிகவும் பயன்படும். செயலிக்கு அதன் நிறுவனம் வைத்த பெயரை அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லாமல் போகிறது.

செயலிகள் மட்டுமல்லாமல் ஆவணங்களையும் அதே கோப்புறையில் சேர்க்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதும் விரிதாளின் அலியாஸை ‘கணக்கு’ கோப்புறையில் போட்டுவிட்டால், செயலியைத் திறந்து பின்பு கோப்பைத் தேடும் இரண்டு படிகள் ஒன்றாகிவிடும்.

கோப்புறை தயாரானதும் அதைத் திரையின் அடியில் உள்ள டாக் பட்டைக்கு இழுக்க வேண்டும். டாக்கில் மெல்லிய பிரிகோடு ஒன்று உண்டு. அதற்கு வலப்புறம், குப்பைத்தொட்டிக்கு அருகில்தான் கோப்புறையை ஏற்கும். இடப்புறம் செயலிகளுக்கு உரியது. பலர் இங்கேதான் இழுத்து இழுத்துப் பார்த்துச் சலித்துப்போகிறார்கள். வைத்தபின் அதன்மேல் வலச்சொடுக்கு செய்தால் சில தெரிவுகள் வரும். ‘கிரிட்’ என்பதைத் தேர்ந்தால் கோப்புறையைச் சொடுக்கும்போது சின்னங்கள் கட்டமாக விரியும்; லாஞ்ச்பேடின் தோற்றத்துக்கு நெருக்கமானது இதுவே. உட்கோப்புறையைச் சொடுக்கினால் அதே இடத்தில் உள்ளே செல்லும். ‘லிஸ்ட்’ என்பதைத் தேர்ந்தால் பழைய விண்டோஸ் ஸ்டார்ட் பட்டியைப் போல ஒவ்வோர் உட்கோப்புறையும் பக்கவாட்டில் விரியும். சின்னத்தைப் பார்த்துத் தேடுபவருக்கு முன்னது, பெயரைப் படித்துத் தேடுபவருக்குப் பின்னது.

இட நினைவை நம்புபவர்கள் ஒரு சிறு தந்திரம் செய்யலாம். டாக் கோப்புறை பெயர் வரிசைப்படியே அடுக்குவதால் உட்கோப்புறைகளின் பெயருக்கு முன் 1, 2, 3 என்று எண்ணிட்டால் ஒவ்வொன்றும் எப்போதும் அதே இடத்தில் நிற்கும். டஹோ பதிப்பில் கோப்புறைகளுக்கு நிறமும் சின்னமும் கொடுக்கும் வசதி புதிதாக வந்திருப்பதையும் இங்கே பயன்படுத்திக்கொள்ளலாம். பச்சை நிறக் கோப்புறை கணக்கு, சிவப்பு பராமரிப்பு என்று வைத்தால் எழுத்தைப் படிக்காமலே கை போகும். லாஞ்ச்பேடை எடுத்துக்கொண்ட அதே பதிப்பு இதைக் கொடுத்திருப்பது வேடிக்கைதான்.

ஸ்பாட்லைட்டும் தமிழ் விசைப்பலகையும்

அன்றாடம் திறக்கும் ஏழெட்டுச் செயலிகளுக்கு இவை எதுவும் தேவையில்லை; அவை டாக்கிலேயே நேராக இருக்கட்டும். பெயர் தெரிந்த செயலிக்கு ஸ்பாட்லைட்டை விட வேகமான வழியும் இல்லை. கமாண்ட் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி, பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டி, என்டர் விசையை அழுத்தினால் போதும். தேடல் பெட்டி திறந்தபின் கமாண்ட், 1 ஆகியவற்றை அழுத்தினால் கோப்புகளை விட்டுவிட்டுச் செயலிகளில் மட்டும் தேடும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. தமிழ்99 அல்லது அஞ்சல் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்பாட்லைட்டைத் திறந்தால் அதிலும் தமிழ் எழுத்துகளே விழும். செயலியின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பதால் தேடல் வெறுமையாக நிற்கும். செயலி போய்விட்டதோ என்று பதறத் தேவையில்லை. கன்ட்ரோல் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி ஆங்கிலத்துக்கு மாறித் தேடினால் கிடைக்கும். நாள் முழுவதும் தமிழில் எழுதுபவருக்கு இந்த மாறுதலே சலிப்பூட்டும். எழுதிக்கொண்டிருக்கும் மொழியை மாற்றாமல், சுட்டியால் இரண்டு சொடுக்கில் செயலியைத் திறக்கும் கோப்புறை வழி அவர்களுக்குப் பொருந்துவது இதனால்தான்.

லாஞ்ச்பேட் போன்ற பிற மென்பொருள்கள்

நீக்கம் அறிவிக்கப்பட்டதும் லாஞ்ச்பேடின் தோற்றத்தை அப்படியே நகலெடுக்கும் சிறு மென்பொருள்கள் பல வெளியாயின. ஆல்ஃபிரட், ரேகாஸ்ட் போன்றவை அவற்றுக்கு முன்பிருந்தே உள்ளன. ஆனால் அவை எழுத்தைத் தட்டித் தேடும் முறையைச் சார்ந்தவை. நகல் மென்பொருளை நிறுவுமுன் அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். செயலிகளின் பட்டியலைக் காட்டித் திறக்கும் வேலைக்குத் திரையைப் பதிவு செய்யும் அனுமதி தேவையில்லை. அதைக் கேட்கும் மென்பொருளை ஒதுக்கிவிடலாம். திறந்த மூல மென்பொருளாக இருந்தால் கூடுதல் நம்பிக்கை. வரிசையைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறதா என்பதும் முக்கியம். இல்லையென்றால் அந்த மென்பொருள் நிற்கும் நாளில் பழைய கதைதான். முனையத்தில் ஓரிரு கட்டளைகள் கொடுத்தால் பழைய லாஞ்ச்பேட் திரும்பும் என்று இணையத்தில் உலவும் குறிப்புகளை நம்பி வேலைக்கணினியில் சோதிக்க வேண்டாம். ஆவணப்படுத்தப்படாத அமைப்புகள் எந்தச் சிறு புதுப்பிப்பிலும் மறையக்கூடியவை.

இன்னும் புதுப்பிக்காதவர்கள்

மேக்ஓஎஸ் 15 செக்கோயா பதிப்பில் லாஞ்ச்பேட் இருக்கிறது. டஹோவுக்கு மாறிய பிறகு பழைய பதிப்புக்குத் திரும்புவது என்றால் வட்டை அழித்து மீண்டும் நிறுவ வேண்டும். லாஞ்ச்பேடுக்காக மட்டும் அதைச் செய்வது உழைப்புக்கு ஏற்ற பலன் தராது. பாதுகாப்புத் திருத்தங்கள் வராத பதிப்பில் தங்கியிருப்பதும் நல்லதன்று.

மாறுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் பிறகு மணிக்கணக்கில் அலைய வேண்டாம். லாஞ்ச்பேடைத் திறந்து ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு கோப்புறையையும் விரித்து, ஷிஃப்ட், கமாண்ட், 3 விசைகளால் திரைப்படம் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கோப்புறையில் எவை இருந்தன என்பதற்கு அதுவே சான்று. கூடுமானால் மேலே சொன்ன அலியாஸ் கோப்புறையையும் பழைய பதிப்பிலேயே அமைத்துவிட வேண்டும். புதுப்பிப்பு அதைத் தொடாது. டைம் மெஷின் காப்புநகலிலும் இல்லக் கோப்புறையோடு சேர்ந்து அதுவும் பதிவாகும்.

கணினியை ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பகிர்ந்து பயன்படுத்தும் இடங்களில் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். இல்லக் கோப்புறையும் டாக்கும் கணக்குக்குக் கணக்கு வேறு. புதிதாக நிறுவும் செயலி இந்தக் கோப்புறைக்குத் தானாக வந்து சேராது. நிறுவிய அன்றே அதன் அலியாஸை உரிய இடத்தில் போட்டுவிடுவது எளிது. செயலியை நீக்கும்போது அதன் அலியாஸ் நீங்காமல் தங்கிவிடும். சொடுக்கினால் மூலக்கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி வரும். அந்த அலியாஸைக் குப்பையில் போட்டுவிடலாம்.